ஊசிக்காதிலிருந்து எஞ்சின் போல்ட்டு வரை: தேய்ந்த துளைகளின் கதை

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் ரெட்டிச் என்றோர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் பயன்பட்ட தையல் ஊசிகளில் பெரும்பங்கு இவ்வூரிலும் இதைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் செய்யப்பட்டவை. ஊசி செய்வதில் கடினமான வேலை அதன் காதைத் துளைப்பதுதான். துளை பெரிதானால் ஊசி ஒடியும். துளையின் உட்புறம் வழுவழுப்பாக இல்லாவிட்டால் நூல் அறுபடும். காது போன ஊசியின் பயன் என்ன என்பதைத் தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த ஊசி ஊரில்தான் பிற்பாடு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் பிறந்தன. ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவரின் ஊசித் தொழிலகம் மெல்ல மிதிவண்டிப் பாகங்களுக்கு மாறியது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதன் பொறுப்பை ஏற்றனர். என்ஃபீல்டு என்னுமிடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்துகொடுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் மிதிவண்டிக்கு என்ஃபீல்டு என்று பெயரிட்டு, 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்று விளம்பரமும் செய்தார்கள். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. அதில் எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே, கைப்பிடித் தண்டுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை வண்டியின் எந்த இடத்தில், எதைக் கொண்டு பிணைப்பது என்ற கேள்விக்கு அன்று எவரிடமும் முடிவான விடை இல்லை.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்து மீட்டெடுக்க முனையும் எவரும் கடைசியில் வந்து நிற்பது அந்தக் கேள்வியின் முன்னால்தான். பெயிண்ட் அடிக்கலாம், குரோமியம் பூசலாம், பிஸ்டன் மாற்றலாம். இவை எல்லாம் பணமும் பொறுமையும் சார்ந்தவை. ஆனால் எஞ்சினைத் தாங்கும் சட்டகத்தின் துளைகள், நம் பட்டறைகளில் சொல்வதுபோல, 'ஓவல்' ஆகிவிட்டிருந்தால் என்ன செய்வது? சட்டகத்தில்தான் வண்டியின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. பதிவுப் புத்தகத்தைப் பொறுத்தவரை சட்டகமே வண்டி. அதை மாற்றினால் வண்டியின் அடையாளம் போகும். அப்படியே விட்டால் வண்டி போகும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெற்றிடத்தைப் பற்றிய இந்தச் சிக்கலுக்குப் பின்னால் உலோகவியல், அளவியல், சட்டம் எனப் பல வரலாறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அவற்றை ஒரு வரிசையில் சொல்ல முயல்கிறோம்.

முதலில் இரும்பு. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் சட்டகத்தை உற்றுப் பார்ப்பவர்கள், குழாயும் குழாயும் சேரும் மூட்டுகளில் தடித்த வார்ப்புத் துண்டுகள் இருப்பதைக் காணலாம். இவற்றை 'லக்' என்பார்கள். மிதிவண்டித் தொழிலிலிருந்து வந்த முறை இது. குழாயின் முனையை லக்கின் வாய்க்குள் செருகி, உலைத் தீயில் செந்நிறமாகக் காய்ச்சி, உருகிய பித்தளையை இடைவெளிக்குள் ஊறவிடுவார்கள். தண்ணீர் பஞ்சில் ஏறுவதைப் போலப் பித்தளை அந்த மெல்லிய இடுக்கில் தானாகவே பரவிவிடும். எஞ்சின் போல்ட்டுக்கான துளைகள் பெரும்பாலும் இந்த லக்குகளிலோ, அவற்றோடு பிணைந்த தகடுகளிலோதான் இருக்கும்.

லக்குகளில் பல சாதாரண வார்ப்பிரும்பால் ஆனவை அல்ல. வார்ப்பிரும்பு நொறுங்கும் குணமுடையது. சாலையின் குலுக்கலைத் தாங்காது. அதற்கென்றே பயன்பட்டது பதப்படுத்திய வார்ப்பிரும்பு. ஆங்கிலத்திலிருந்து வந்த 'மாலியபிள்' என்ற பெயராலேயே பட்டறைகளில் இது அறியப்படுகிறது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1722இல் இதைச் செய்யும் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். வெப்பமானி அளவுகோலாலும் பூச்சிகளைப் பற்றிய ஆய்வாலும் பெயர்பெற்ற அதே ரெயோமூர்தான். நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்புப் பொருள்களை இரும்புத்தாதுப் பொடிக்குள் புதைத்து, மூடிய பெட்டியில் நாள்கணக்கில் செந்தணலில் வைத்திருந்தால் இரும்புக்குள் இருக்கும் கரி மெல்ல வெளியேறி, வார்ப்பு வளையும் தன்மை பெறும். 1826இல் அமெரிக்காவின் நியூவர்க் நகரில் சேத் பாய்டன் வேறொரு வழியைக் கண்டார். அதில் கரி வெளியேறுவதில்லை. இரும்புக்குள்ளேயே சிறு உருண்டைகளாகத் திரண்டு ஒதுங்கிவிடுகிறது. இரண்டு முறைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. இரும்பின் நற்குணம் அதன் உருவில் இல்லை, அது பட்ட பொறுமையான சூட்டில் இருக்கிறது. அந்த இரும்பை மறுபடியும் உருக்கினால் நாள்கணக்கில் செய்த தவம் சில நொடிகளில் கலைந்து, பழைய நொறுங்கும் இரும்பாகவே அது திரும்பிவிடும். பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி மீண்டும் தேவைப்படும்.

அடுத்து எஞ்சின். 1949இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் சட்டகத்தில் கீழ்ப்பகுதி முழுமையாக மூடப்படவில்லை. முன்னாலிருந்து இறங்கிவரும் குழாய் எஞ்சினின் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே இரு தகடுகள் வழியாக எஞ்சின் அதனோடு பிணைக்கப்படுகிறது. எஞ்சினுக்குப் பின்னால் கியர்பெட்டி நேரடியாக இறுக்கப்பட்டு, அதற்குப் பின்னால் மறுபடியும் தகடுகள் வழியாகச் சட்டகம் தொடர்கிறது. அதாவது எஞ்சின் சுமக்கப்படும் பொருளாக மட்டும் இல்லை. சட்டகத்தின் விடுபட்ட ஒரு துண்டாக அதுவே நின்று சாலையின் சுமையையும் ஏற்கிறது. அழகான சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனத்தின் கணக்கு முழுவதும் சில போல்ட்டுகளின் தலையில் எழுதப்பட்டுள்ளது.

அந்த வண்டி தமிழகத்துக்கு வந்த கதை பலரும் அறிந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்தின் தேவைக்காக புல்லட்டுகள் தருவிக்கப்பட்டன. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டி, பின்னர் முழுவதுமாக இங்கேயே செய்யப்பட்டது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டின் வடிவம் பெரிய மாறுதல் இன்றிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1977 முதல் தாயகமான இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. எனவே 'பழைய வண்டி' என்ற சொல் மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்தைக் குறிக்க, நம் ஊரில் அது அன்றாடம் பால் கேன் சுமந்த வண்டியையும் குறிக்கும். அதன் துளைகள் பட்ட பாடும் அதற்கேற்றதுதான்.

துளை ஏன் தேய்கிறது? பலரும் நினைப்பதுபோல போல்ட்டு துளைக்குள் சுமையைத் தாங்கி நிற்பதால் அன்று. சரியாக இறுக்கிய இணைப்பில் போல்ட்டின் தண்டு துளையின் சுவரை அழுத்துவதே இல்லை. இழுவிசையால் இரண்டு முகங்களையும் அது ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. அந்த முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. இரண்டு புத்தகங்களை இரு கைகளுக்கிடையே அழுத்திப் பிடித்துத் தூக்குவதைப் போன்றது இது. பிடி சற்றே தளர்ந்தால் போதும். முகங்கள் நூலிழை அளவுக்கு நகரத் தொடங்கும். அதன்பிறகு போல்ட்டு சிறு சுத்தியலாகிவிடுகிறது.

அந்தச் சுத்தியலின் பலத்தை ஒரு கணக்கால் உணரலாம். 350 சிசி புல்லட்டின் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்றில், மேல் முனையில் அது நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. மேலும் கீழும் ஓடும் எடையை அரைக்கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் எழும் விசை 500 கிலோ எடைக்குச் சமம். சுழல்சக்கரத்தின் எதிர் எடை இதில் ஏறத்தாழ பாதியை ஈடுசெய்யும். முழுவதையும் ஈடுசெய்ய முயன்றால் மேல்கீழ் அதிர்வு முன்பின் அதிர்வாக மாறும், அவ்வளவுதான். ஒற்றை உருளை எஞ்சினின் தலைவிதி இது. எஞ்சிய கால் டன் விசை நொடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட முறை திசை மாறுகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் 2,40,000 முறை. புல்லட்டின் 'டப் டப்' ஓசையில் மயங்குபவர்கள் அந்த ஓசையின் இன்னொரு முனை எங்கே போய் முட்டுகிறது என்பதை நினைப்பதில்லை.

இந்தத் தேய்மானத்துக்குத் தனி இலக்கணமே உண்டு. 1911இல் ஈடன், ரோஸ், கன்னிங்ஹாம் என்ற மூவர் எஃகின் களைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சோதனைத் துண்டைப் பிடித்திருந்த பிடிகளில் பழுப்புநிறத் தூள் சேர்வதைக் கண்டு குறித்துவைத்தனர். பிடிகள் அசையவில்லை என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். 1927இல் டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டாம்லின்சன் இதைத் தனியே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு மிகச்சிறிய நகர்வே இந்தத் தேய்வுக்குப் போதும் என்று காட்டினார். எஃகின் மேற்பரப்பில் பிய்ந்த துகள்கள் காற்றோடு சேர்ந்து துருவாகின்றன. அந்தத் துரு எஃகைவிடக் கடினமானதாகி, மேலும் அரைக்கிறது. பழைய வண்டியின் எஞ்சின் போல்ட்டைச் சுற்றிக் கொக்கோப் பொடி போன்ற தூள் கண்டால் அது வெறும் சாலைப் புழுதி என்று துடைத்துவிடாதீர்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. புல்லட் அங்குலக் கணக்கில் பிறந்த வண்டி. அதன் போல்ட்டுகள் பின்ன அங்குலத்தில் அளக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றின் மரைகள் 1902இல் இங்கிலாந்தின் மிதிவண்டிப் பொறியாளர் கழகம் வகுத்த அளவில், அங்குலத்துக்கு 26 மரை என்று நெருக்கமாக வெட்டப்பட்டவை. நெருக்கமான மரை அதிர்வில் எளிதில் கழலாது என்பது அதற்கான நியாயங்களில் ஒன்று. ஆனால் திருவொற்றியூர் ஆலை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1956இல், இந்தியா மெட்ரிக் அளவுமுறைக்கு மாறும் சட்டத்தை இயற்றியது. நாட்டுக்கு நல்ல முடிவு. பழைய வண்டிக்குத் தொல்லை. நாளடைவில் இரும்புக்கடைகளில் அங்குலப் போல்ட்டு அரிதாகி, மி.மீ. போல்ட்டு மலிந்தது. மூன்றெட்டு அங்குலத் துளையின் விட்டம் 9.525 மி.மீ. அதில் 10 மி.மீ. போல்ட்டு நுழையாது. துளையை டிரில் வைத்து அகற்றினால் நுழையும். அதற்கும் சோம்பலாக இருந்தால் 8 மி.மீ. போல்ட்டைப் போட்டு, பெரிய வாஷர் வைத்து இறுக்கிவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டத்தோடு அந்த வண்டி அன்று மாலை ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். துளையின் சிதைவும் அன்றுதான் தொடங்கியிருக்கும். இதற்காகச் சாலையோர மெக்கானிக்குகளைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய ஒருவரின் வண்டியை, கையில் இருப்பதைக் கொண்டு ஓடவைப்பது அவர்களுடைய தொழில். வண்டிகள் ஐம்பது ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்து நம் கைக்கு வந்ததற்கு அவர்களே காரணம்.

பிற நாட்டு வடிவமைப்பாளர்கள் இந்தத் துளைகளிலிருந்து தப்பிக்கப் பல வழிகளைத் தேடினார்கள். 1946இன் வின்சென்ட் ராப்பிடில் வழக்கமான சட்டகமே இல்லை. எஞ்சினே முதுகெலும்பு, மேலே எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்படும் ஒரு பெட்டி, அவ்வளவே. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் வடிவமைத்து 1950இல் நார்ட்டன் பந்தயவண்டிகளில் வந்த சட்டகம் எஞ்சினைச் சுற்றி இரட்டைக் குழாய்களால் முழு வளையம் கட்டியது. இறகு மெத்தையில் படுத்தது போலிருக்கிறது என்று பந்தய வீரர் ஹரால்டு டேனியல் சொன்னதாக வழங்கும் பேச்சே அதன் பெயராக நிலைத்தது. அதே நார்ட்டன் 1967இல் கொண்டுவந்த கமாண்டோ, எஞ்சினை இறுக்குவதையே கைவிட்டது. எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரக் கைகள் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, ரப்பர் மெத்தைகளின் மேல் மிதக்கவிட்டது. அதிர்வு ஓட்டுநரைச் சேரவில்லை. பதிலுக்கு, அந்த ரப்பர் பிடிகளின் பக்க இடைவெளியை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு அளவில் சரிபார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. துளையின் தொல்லையிலிருந்து தப்பியவர்களைப் பிடித்துக்கொள்ள இன்னொரு தொல்லை காத்திருந்தது.

இனிப் பழுதுபார்ப்பு. வாசகர்களில் ஸ்பானரைத் தொடாதவர்களே மிகுதி என்பதை அறிவோம். ஆயினும் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சுவடியியல் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தேய்ந்த துளையைச் சீராக்குவதில் முதல் கேள்வி, பழைய மையம் எங்கே இருந்தது என்பது. முட்டை வடிவாகிப்போன துளையின் நடுவை அளந்து அதையே மையமாகக் கொள்வது இயல்பாகத் தோன்றும். பெரும்பாலும் அது தவறு. சுமை ஒரு திசையில் அதிகம் தள்ளுவதால் துளை ஒரு பக்கமாகத்தான் தேய்கிறது. எதிர்ப்பக்கச் சுவரில் பழைய வட்டத்தின் வில் ஒன்று பெரும்பாலும் அப்படியே எஞ்சியிருக்கும். வட்டத்தின் மேல் மூன்று புள்ளிகள் தெரிந்தால் முழு வட்டத்தையும் வரைந்துவிடலாம் என்பது பள்ளிக்கூட வடிவியல். பட்டறையில் இதையே இன்னும் எளிதாகச் செய்கிறார்கள். பெயிண்டையும் துருவையும் நீக்கிவிட்டு, பழைய போல்ட்டின் சரியான விட்டத்தில் கடைந்த ஓர் எஃகுத் தண்டைத் துளைக்குள் விட்டு, மெல்லச் சுற்றுப்புறமெல்லாம் அழுத்திப் பார்ப்பார்கள். எங்கே அது இடைவெளியின்றிப் பொருந்தி உட்காருகிறதோ அதுவே பழைய இடம். மறுபக்கம் பிறைவடிவில் தெரியும் இடைவெளிதான் இத்தனை ஆண்டுகளின் தேய்மானம். இருபுறமும் தேய்ந்து வில்லே எஞ்சாதபோது வேறு சாட்சிகளை நாடவேண்டும்: எதிர்ப்பக்க லக்கின் துளை, எஞ்சின் ஓட்டிலுள்ள துளை, முன் பற்சக்கரத்திலிருந்து பின் பற்சக்கரத்துக்குச் செயின் ஓடும் நேர்க்கோடு. ஒரே பாடத்துக்குப் பல ஏடுகளை ஒப்பிடுவதைப் போன்ற வேலை. எந்த ஏடும் முழுமையாக இருக்காது. பிழைகள் ஒவ்வொன்றிலும் வேறுவேறு இடத்தில் இருக்கும்.

மையம் கிடைத்துவிட்டால் துளையை மறுபடி வட்டமாக்குவதற்கு வழிகள் பல. எளியது, துளையைச் சற்றே பெரிதாக்கி ரீமரால் சீர்செய்து, அதற்குப் பொருந்தும் பருமனான போல்ட்டைக் கடைந்து போடுவது. தேய்மானம் சிறிதாக இருந்தால் இதில் குறையேதும் இல்லை. ஆனால் அடுத்த தலைமுறை இதையே செய்தால், அதற்கடுத்த தலைமுறைக்கு லக்கில் இரும்பு மிஞ்சாது. துளையின் மையத்திலிருந்து லக்கின் விளிம்பு வரை, துளை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இரும்பு இருப்பது நல்லது என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு.

இரண்டாவது வழி, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது: வெல்டிங் வைத்துத் துளையை நிரப்பி, மறுபடி துளைப்பது. மென்எஃகுத் தகடானால் தாராளமாகச் செய்யலாம். லக் பதப்படுத்திய வார்ப்பிரும்பாக இருந்தால், முன்னே சொன்ன ரெயோமூர் இங்கே குறுக்கிடுகிறார். மின்வில்லின் சூட்டில் உருகி உறையும் இடம் நொறுங்கும் வெள்ளை இரும்பாகிவிடும். கரி முற்றிலும் நீங்கிய மெல்லிய பகுதிகள் தப்பிக்கலாம். தடித்த பகுதியின் உள்ளே கரி மிஞ்சியிருக்கும். போதாக்குறைக்கு, மூட்டில் ஊறியிருக்கும் பழைய பித்தளையும் உருகி, அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி, வெல்டிங்கைக் குமிழிகளால் நிரப்பும். பார்வைக்கு வலுவாகத் தெரியும் அந்த இடத்தின் ஓரத்தில் சில மாதங்களில் மயிரிழை விரிசல் காணும். சட்டகம் முறிவது பட்டறையில் நிகழாது, ஓடும் சாலையில் நிகழும் என்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அத்தகைய லக்கை நிரப்பியே ஆகவேண்டுமானால் கேஸ் தீயில் பித்தளைக் கம்பி கொண்டு நிரப்புவதுதான் பழைய மரபு. சுமார் 900 பாகை செல்சியஸில் பித்தளை உருகும். அடியிலுள்ள இரும்பு உருகாது. சூட்டை வேண்டிய அளவோடு நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், தானே மெல்ல ஆறவிடவேண்டும். ரெட்டிச்சின் உலைக்காரர் அந்த மூட்டை முதன்முதலில் இணைத்ததும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

மூன்றாவது வழி புஷ் போடுவது. நம் தேர்வு இதுதான். துளையை அதன் பழைய மையத்திலேயே பெரிதாகக் குடைந்து, உள்ளே எஃகுக் குழல் ஒன்றைச் செருகுகிறார்கள். மூன்றெட்டு அங்குலத் துளையை அரை அங்குலமாக, அதாவது 12.7 மி.மீ. ஆகக் குடைந்தால், புஷ்ஷின் சுவர் ஒருபுறம் ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிமன் பெறும். வெளிவிட்டத்தை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதலாகக் கடைந்தால், அழுத்தி ஏற்றிய பின் அது தானாக அசையாது. 1950களில் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய, காற்றுப் படாத இடுக்கில் மட்டும் இறுகும் பசை பிற்காலத்தில் இவ்வேலைக்குத் துணையாக வந்தது. ரெட்டிச்காரர்களுக்குக் கிட்டாத வசதி அது. சூடே இல்லாததால் லக்கின் குணம் கெடுவதில்லை. புஷ் தேய்ந்தால் அதைத் தட்டி எடுத்துவிட்டு வேறொன்று போடலாம்; மூல இரும்புக்கு இனிச் சேதமில்லை.

இதில் கைத்திறன் வேண்டுவது குடையும் வேலையில்தான். சாதாரண டிரில் பிட்டு முட்டைத் துளைக்குள் நுழைந்தால், எதிர்ப்பு குறைவான தேய்ந்த பக்கத்துக்கே நழுவும். பிழையை அப்படியே பெரிதாக்கிவிடும். எனவே முதலில் துளையைத் தற்காலிகமாக ஓர் அடைப்பால் மூடிச் சமமாக்கிக்கொள்ள வேண்டும், அல்லது கடினமாக்கிய வழிகாட்டிக் குழலைப் பழைய மையத்துக்கு நேரே கவ்விப் பிடித்து அதன் வழியாகக் குடையவேண்டும். இரு பக்கத்து லக்குகளிலும் புஷ் ஏறிய பிறகு, கடைசியாக நீண்ட ரீமரை ஒரே ஓட்டத்தில் இரண்டின் வழியாகவும் செலுத்துவார்கள். தனித்தனியே சரியான இரண்டு துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. அந்தக் கட்டாயத்தை ஏற்படுத்துவது இந்த நீண்ட ரீமர்தான்.

துளைக்குள் மெல்லிய தகட்டைச் சுருட்டி வைத்து ஆட்டத்தை நிறுத்தும் வழக்கமும் உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு ராபர்ட் பிர்சிக்கின் 1974ஆம் ஆண்டு நூலான 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நினைவுக்கு வரலாம். நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் தளர்ந்த கைப்பிடியை இறுக்க, காலியான பீர் டப்பாவின் தகட்டை வெட்டி வைக்கலாம் என்கிறார் கதைசொல்லி. நண்பர் அதைத் தன் உயர்ந்த வண்டிக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார். கைப்பிடிக்கு அந்த யோசனை சரியானதே. எஞ்சின் துளைக்கு அதே வழியை நாம் பரிந்துரைக்கமாட்டோம். கைப்பிடியின் கவ்வி தகட்டைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த துளையிலோ தகட்டின் ஒரு பகுதிக்குப் பின்னால் வெறுமையே இருக்கும். நொடிக்கு அறுபது அடியில் அது சில நாளில் பொடியாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்த வண்டி மூல வண்டிதானா என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் இது வெறும் தத்துவக் கேள்வியாக இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த, மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளைத் தொன்மை வாகனமாகத் தனி எண் வரிசையில் பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: சட்டகத்திலோ எஞ்சினிலோ மாற்றம் உட்படப் பெரிய அளவிலான சீரமைப்பு எதுவும் நடந்திருக்கக்கூடாது. பழுதுநீக்கம் எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது? வெல்டிங் தழும்போடு நிற்கும் லக்கை ஓர் அதிகாரி மாற்றம் என்று கருதினால் அவரைக் குறைகூற முடியாது. அளவு மாறாமல், மையம் மாறாமல், பழைய போல்ட்டையே ஏற்கும் புஷ் போட்ட துளையைக் காட்டி, இது பழுதுநீக்கமே என்று வாதிட இடமிருக்கிறது. பத்து மி.மீ. போல்ட்டுக்காக அகற்றப்பட்ட துளைக்கு அந்த வாதமும் கிடைக்காது.

கட்டடக்கலை உலகம் இதே கேள்வியை 1964இன் வெனிஸ் சாசனத்தில் எதிர்கொண்டது. அதன் வழியைப் பின்பற்றி, பழம்பெரும் வாகனங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. மூலப் பொருளை இயன்றவரை காப்பது, தேவைக்கு மேல் கைவைக்காதது, மாற்றியவற்றைக் கண்ணை உறுத்தாத நிலையான அடையாளத்தால் வேறுபடுத்திக் காட்டுவது என்பவை அதன் சாரம். உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பைப் (1894) புரட்டியவர்களுக்கு இந்த நெறி புதிதல்ல. ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பாமல் புள்ளிகளிட்டு விட்டார் அவர். ஓலைச்சுவடிக்கும் கயிறு கோக்கும் துளை உண்டு. அவிழ்த்துக் கட்டக் கட்ட அதுவும் தேயும், ஓலை விளிம்புவரை கிழியும். ஆனால் சுவடியின் மேல் யாரும் ஏறி ஓட்டுவதில்லை. வண்டியில் புள்ளியிட்டு விடமுடியாது. துளை சுமையைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே செய்த வேலையை மறைக்காமல் எழுதிவைப்பது ஒன்றே அந்த நெறிக்கு ஈடானது என்று கருதுகிறோம். புஷ்ஷின் விளிம்பில் ஆண்டைச் சிறியதாகக் குத்திவிடலாம். குடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும் படங்களையும் வண்டியின் காகிதங்களோடு சேர்த்து வைக்கலாம்.

கடைசியாக, பெயிண்ட் அடிக்க அவசரப்படவேண்டாம். எஞ்சினைத் தூக்கி வைத்ததும் போல்ட்டுகள் சுத்தியலின் உதவியின்றி, விரல் அழுத்தத்திலேயே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகவேண்டும். எல்லாவற்றையும் கையளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, எஞ்சின் தானாகப் படிந்தபின் ஸ்பானரால் இறுக்கவேண்டும். முகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பெயிண்ட் இருக்கக்கூடாது. அழுத்தத்தில் அது நசுங்கி, இறுக்கம் தளரும். முதல் 150 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்து, போல்ட்டுத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைக்கவேண்டும். துணியில் பழுப்புத் தூள் ஒட்டவில்லை என்றால், பெயிண்ட்காரரிடம் நாள் குறிக்கலாம்.